மழை தவறிய ஆண்டில் தீவனக் கணக்கு: அருமனைப் பக்கம் மாடும் போத்தும் வளர்ப்பவர்களுக்கு

மழை பொய்த்தால் பயிர் உடனே காட்டிக் கொடுத்துவிடும். மாடு அப்படி இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை தவறினாலும் விளையோரத்தில் கொஞ்சம் பச்சை மிச்சம் இருக்கும், படப்பில் வைக்கோல் இருக்கும், மாடும் வழக்கம்போல அசைபோட்டுக்கொண்டு நிற்கும். விலா எலும்பு தெரிய ஆரம்பிப்பது தை கடைசியில்தான். அப்போது வைக்கோல் தேடிப் போனால், நீங்க தேடும் அதே நாளில் ஊரே தேடிக்கொண்டிருக்கும். வைக்கோல் விலை ஏறும், மாட்டு விலை இறங்கும். நடுவில் மாட்டிக்கொள்வது ஒன்றோ இரண்டோ வைத்திருக்கும் வீட்டுக்காரர்தான்.

அருமனை, கடையால், பத்துகாணி, மேல்புறம் என்று கேரள எல்லையை ஒட்டிக் கிடக்கும் இந்த ஊர்களில் கறவைப் பசுவோடு சேர்த்து ஒன்றிரண்டு போத்துக்குட்டிகளை இறைச்சிக்காக வளர்ப்பவர்களும் உண்டு. (வெளி மாவட்ட வாசகர்களுக்கு: போத்து என்றால் எருமைக் கிடா.) வெட்டவெளி மேய்ச்சல் நிலம் என்று இங்கே பெரிதாக எதுவும் கிடையாது. ரப்பர், வாழை, மரச்சீனி, அன்னாசி, தென்னை என்று நிலம் நிரம்பிக் கிடக்கிறது. அதனால் மழை தவறும் ஆண்டில் தையிலிருந்து சித்திரை வரைக்கும் தீவனத்தை எப்படி ஓட்டுவது என்ற கணக்கை இந்த ஊருக்கென்றே தனியாகப் போட வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கையும், அதில் உங்க கைபேசி எந்த இடத்தில் உதவும் என்பதையும் பார்ப்போம்.

இங்கே பஞ்சம் வரும் மாதங்கள்

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்கும் தென்மேற்கு, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கு. இரண்டும் சரியாகப் பெய்தால் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான நான்கு மாதம் பெரிய சிரமம் தெரியாது. ஒன்று தவறினாலும் சமாளிக்கலாம். வடகிழக்குப் பருவமழை பெரிதாக ஏமாற்றும்போதுதான் சிக்கல்.

2016-ல் அதுதான் நடந்தது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10-ம் தேதி அப்போதிருந்த 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. கால்நடை பராமரிப்புத் துறை மூலம் பல மாவட்டங்களில் உலர் தீவனக் கிடங்குகள் திறக்கப்பட்டு, மானிய விலையில் கிலோ 2 ரூபாய்க்கு வைக்கோல் தரப்பட்டது. அந்த நாள்களில் கிடங்கு வாசலில் நின்றவர்களுக்கு அந்த 2 ரூபாயின் மதிப்பு தெரியும்.

நம்ம ஊரில் இன்னொரு கூட்டுச் சிக்கலும் இருக்கிறது. நாஞ்சில் நாட்டு நெல் இரண்டு போகம்: கன்னிப்பூ, கும்பப்பூ. கன்னிப்பூ வைக்கோல் ஆவணி, புரட்டாசியில் வரும். கும்பப்பூ வைக்கோல் வர மாசி, பங்குனி ஆகிவிடும். மழை தவறி, பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் தண்ணீரும் குறைந்தால் கும்பப்பூ அடிவாங்கும். அப்போது புரட்டாசியில் வாங்கிய வைக்கோலை வைத்தே சித்திரை வரை ஓட்ட வேண்டிவரும். நெல் வயல்களே வெகுவாகக் குறைந்துபோன மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

இதோடு ரப்பரும் சேர்ந்துகொள்ளும். டிசம்பர் கடைசியிலிருந்து ரப்பர் மரம் இலை உதிர்க்கும். புது இலை வந்து முற்றும்வரை பல தோட்டங்களில் பால்வெட்டு நின்றுவிடும். வெட்டுக்கூலியை நம்பியிருக்கும் வீட்டில் கையில் காசு குறையும் மாதமும், மாட்டுக்குத் தீவனம் வாங்க வேண்டிய மாதமும் ஒன்றாகவே வரும். ஆகவே கணக்கை மார்கழியிலேயே போட்டுவிடுங்க. முடிந்தால் கார்த்திகையிலேயே.

பனி நாட்டுக்காரர்களுக்கும் இதே கணக்கு உண்டு. அங்கே கோடையில் அறுத்துக் காயவைத்த புல்லை வைத்துத்தான் பனிக்காலம் முழுக்க மாட்டுக்குப் போடுவார்கள். கோடையில் வறட்சி என்றால் பனிக்காலத்தில் பட்டினி. 2012-ல் அமெரிக்காவில் பெரிய வறட்சி வந்தபோது, தீவனம் கட்டுப்படியாகாமல் பண்ணையாளர்கள் மாடுகளை விற்றுத் தள்ளினார்கள். 2013 ஜனவரி 1-ம் தேதிக் கணக்கெடுப்பில் அந்த நாட்டின் மாட்டு எண்ணிக்கை 8.93 கோடி. 1952-க்குப் பிறகு அவ்வளவு குறைந்தது அப்போதுதான். ஆயிரக்கணக்கில் மாடு வைத்திருப்பவரும் ஒற்றைப் போத்து வைத்திருப்பவரும் செய்ய வேண்டிய வேலை ஒன்றே: இருப்பை எண்ணுவது, வாய்களை எண்ணுவது, நாளை எண்ணுவது.

ஒரு வீட்டுக் கணக்கு

முதலில் மாட்டின் எடை தெரிய வேண்டும். எடைமேடை எல்லாம் வேண்டாம், தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை அங்குலம் என்று அளங்க. தோள்பட்டை முனையிலிருந்து பின்புற இடுப்பெலும்பு முனை வரை நீளம் எத்தனை அங்குலம் என்று அளங்க. சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை கிடைக்கும். சுற்றளவு 58, நீளம் 49 என்றால் ஏறக்குறைய 250 கிலோ. கைபேசிக் கால்குலேட்டரில் ஒரு நிமிட வேலை. துல்லியம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், தீவனக் கணக்குக்கு அது போதும்.

அடுத்தது, ஒரு மாடு எவ்வளவு தின்னும்? தண்ணீரை நீக்கிவிட்டு மிஞ்சும் உலர்பொருளாகக் கணக்கிட்டால், உடல் எடையில் 100 கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் இரண்டரைக் கிலோ. வைக்கோலில் பத்தில் ஒன்பது பங்கு உலர்பொருள். பச்சைப் புல்லில் ஐந்தில் ஒரு பங்குதான், மீதி தண்ணீர். "ஒரு கட்டுப் புல் போட்டேன், இன்னும் கத்துது" என்று நாம் அலுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

இப்போது 350 கிலோ பசு ஒன்றும் 250 கிலோ போத்து ஒன்றும் இருக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 600 கிலோ. நாளுக்கு 15 கிலோ உலர்பொருள். ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை 120 நாள். ஆக 1,800 கிலோ வேண்டும்.

வீட்டில் 60 உருளை வைக்கோல் இருக்கிறது, உருளை ஒன்று 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 900 கிலோ, உலர்பொருளாக 810. மிச்சம் வேண்டியது 990. ஐந்து சென்டில் கம்பு நேப்பியர் புல் நிற்கிறது, கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் பாய்கிறது என்றால், வறட்சியைக் கழித்து நான்கு மாதத்தில் ஒன்றேகால் டன் பச்சை எதிர்பார்க்கலாம். உலர்பொருளாக 250. மிச்சம் 740. மரச்சீனி இலையைக் காயவைத்து 100 கிலோ சேர்த்தால் அதில் 90 கழியும், 650. வாழைத்தண்டு தினம் 10 கிலோ வெட்டிப் போட்டாலும் நான்கு மாதத்துக்கு 70 கிலோதான் தேறும், ஏனென்றால் அது பெரும்பாலும் தண்ணீர். 580. புண்ணாக்கு, தவிடு கலந்த அடர்தீவனம் பசுவுக்கு 2 கிலோ, போத்துக்கு அரைக் கிலோ என்று 120 நாளுக்கு 300 கிலோ. உலர்பொருள் 270. இப்போது மிச்சம் 310.

அதாவது சுமார் 345 கிலோ வைக்கோல், 23 உருளை குறைகிறது. எலி, மழை, சிதறல் என்று சேர்த்து 25 உருளை. மார்கழியில் இந்த 25 உருளையை வாங்கிவிட்டால் சித்திரை வரை நிம்மதி. பங்குனியில்தான் தெரியவந்தால் என்ன விலை கேட்டாலும் கொடுக்க வேண்டியதுதான்.

உங்க வீட்டுக் கணக்கு வேறாக இருக்கும். இதே வழியில் ஒரு துண்டுத் தாளில் போட்டுப் பாருங்க. ஒரு எச்சரிக்கை: உருளை வைக்கோலை எண்ணிக்கையில் வாங்காதீங்க. கட்டும் இயந்திரத்தைப் பொறுத்து எடை நிறைய மாறும். லோடு இறங்கும்போது இரண்டு மூன்று உருளையைத் தராசில் போட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்க. கூடவே ஒரு உருளையைப் பிரித்துப் பாருங்க. பூஞ்சணம் பிடித்து, மக்கல் வாடை வந்தால் திருப்பி அனுப்புங்க. குறிப்பாக எருமை இனத்துக்கு அது ஆகாது. கெட்ட நெல் வைக்கோலைத் தின்ற எருமைகளுக்கு வால் நுனி, காது, கால் எல்லாம் புண்ணாகி அழுகும் 'டெக்நாலா' என்ற நோய் வருவதுண்டு.

யார் இருக்கணும், யாரை அனுப்பணும்

கணக்குப் போட்டதில் பெரிய துண்டு விழுகிறது, வாங்கவும் வசதி இல்லை என்றால், அடுத்த கேள்வி எத்தனை உருப்படியை வைத்துக்கொள்வது என்பதுதான். பேசக் கஷ்டமான விஷயம்தான். ஆனால் எல்லா மாட்டுக்கும் அரை வயிறு போட்டு எல்லாவற்றையும் மெலியவிடுவதைவிட, ஒன்றைக் குறைத்து மற்றதைக் காப்பாற்றுவது நல்லது என்பதே என் எண்ணம்.

போத்தைப் பொறுத்தவரை, இந்தப் பக்கத்துக்குக் கிறிஸ்துமஸ் ஒரு நல்ல வாய்ப்பு. அருமனை கிறிஸ்துமஸ் விழாவைப் பற்றித் தெரியாதவர்கள் குமரியில் குறைவு. விழா நாள்களில் இறைச்சிக்குத் தேவை கூடும். அதன்பிறகு தவக்காலத்தில் பலர் இறைச்சியைத் தவிர்ப்பார்கள். விற்கும் பருவத்துக்கு வந்துவிட்ட போத்தை டிசம்பரில் விற்றுவிட்டால், தீவனம் குறையும் நான்கு மாதமும் அதற்குப் போட வேண்டியதில்லை. மேலே சொன்ன கணக்கில் அந்த 250 கிலோ போத்து மட்டும் 750 கிலோ உலர்பொருள் தின்னும். அதை விற்ற வீட்டுக்கு 25 உருளை வாங்கும் வேலையே வராது.

இன்னும் வளர வேண்டிய சின்னப் போத்து என்றால் விற்க வேண்டாம். இந்த நான்கு மாதம் எடை ஏற வேண்டும் என்று ஆசைப்படாமல், இருக்கும் எடை இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். மழை வந்து நல்ல பச்சை கிடைத்ததும் அது வேகமாக வளர்ந்து விட்ட இடத்தை ஓரளவு பிடித்துவிடும். ஈடுகட்டும் வளர்ச்சி என்று இதைச் சொல்வார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு இது பொருந்தாது, அதன் வயிற்றில் கைவைக்கக் கூடாது. சினைமாட்டுக்கும் அப்படியே. புதுக் குட்டி வாங்கும் எண்ணம் இருந்தால் மழை பிடித்த பிறகு வாங்குங்க.

வண்டியில் ஏற்றி அனுப்பும்போது, அந்த மாடு பயணத்துக்குத் தகுதியானது என்று கால்நடை மருத்துவர் தரும் சான்று சட்டப்படி வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலைக்குப் போனாலும் சரி, இந்தப் பக்கம் மார்த்தாண்டத்துக்குப் போனாலும் சரி. வியாபாரி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீங்க.

விளையில் இருப்பதும், அதில் இருக்கும் விஷமும்

பஞ்சத்தில் ஆள்கள் கண்ணில் பட்டதை எல்லாம் வெட்டிப் போடுவார்கள். மாடும் பசியில் தின்றுவிடும். இந்தப் பகுதியில் அது உயிருக்கே ஆபத்தாகலாம், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிங்க.

மரச்சீனி. கிழங்கு பிடுங்கும் காலமும் தீவனம் இல்லாத காலமும் ஏறக்குறைய ஒன்றாக வருவது நமக்குக் கிடைத்த வரம். மரச்சீனி இலையில் புரதம் நிறைய உண்டு, காய்ந்த இலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். ஆனால் பச்சை இலையிலும் கிழங்குத் தோலிலும் சயனைடு விஷத்தை வெளியிடும் பொருள் இருக்கிறது. வறட்சியில் வாடி நின்ற செடியில் அது இன்னும் கூடும். நல்ல மழை ஆண்டில் நான்கு இலை தின்று ஒன்றும் ஆகாத மாடு, வறட்சி ஆண்டில் அதே அளவுக்குச் சுருண்டு விழலாம். ஆகவே இலையைத் துண்டு துண்டாக நறுக்கி, மெல்லியதாகப் பரப்பி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டு, சாக்கில் கட்டி வைத்துப் போடுங்க. நறுக்குவதும் காய்ப்பதும் சேர்ந்துதான் விஷத்தைக் குறைக்கும். மொத்தத் தீவனத்தில் கால் பங்குக்கு மேல் போக வேண்டாம். தோலையும் இதே மாதிரி காயவைத்துத்தான் போடணும். மரச்சீனி பிடுங்கிய விளையில் மாட்டை அவிழ்த்துவிடவே கூடாது.

ரப்பர் இலையிலும் அதே வகை விஷம் உண்டு. ஒடிந்து விழுந்த கிளையின் பச்சை இலையைத் தீவனமாக நினைக்க வேண்டாம். மழை வந்ததும் துளிர்க்கும் இளஞ்சோளம் மூன்றாவது ஆபத்து. அறுத்த தூரிலிருந்து வரும் குருத்து முழங்கால் உயரம்கூட இல்லாதபோது அதை மேயவிடக் கூடாது.

அறிகுறி சட்டென்று வரும். தின்ற சில நிமிடத்திலேயோ ஒரு மணி நேரத்துக்குள்ளேயோ மூச்சு வாங்கும், வாயில் நுரை தள்ளும், கால் தள்ளாடும், மாடு சாயும். இதற்கு மாற்றுமருந்து உண்டு, ஆனால் அதை மருத்துவர் நரம்பில்தான் செலுத்த வேண்டும். மோரும் புளியும் கரைத்து ஊற்றிக்கொண்டு நேரத்தைத் தொலைக்காமல் உடனே 1962-க்கு அழைங்க. மாடு என்ன தின்றது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்க. அதைக் கேட்டால்தான் எந்த மருந்தோடு கிளம்புவது என்று அவர்களுக்குத் தெரியும்.

மற்றவை இவ்வளவு பயமுறுத்தாது. வாழைத்தண்டு தண்ணீர்த் தாகத்தைக் குறைக்கும், வயிற்றை நிரப்பும், சத்து கொஞ்சம்தான். வைக்கோலோடு கலந்து போடுங்க. அன்னாசிச் செடியின் இலையை நறுக்கிப் போடலாம், ஆனால் தோட்டத்துக்காரரிடம் கடைசியாக எப்போது மருந்து அடித்தார் என்று கேட்டுக்கொண்டு போடுங்க. களைக்கொல்லி அடித்த ரப்பர் விளையில் புல் அறுக்காதீங்க. இளம் ரப்பர்த் தோட்டத்தில் மண்ணை மூடப் போட்டிருக்கும் கொடி பியூரேரியா என்றால் மாடு நன்றாகத் தின்னும். முக்குனா பிராக்டியேட்டா என்றால் மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிவிடும், வெட்டிச் சுமந்தது வீண். வேலியில் நிற்கும் சீமைக்கொன்றை, அகத்தி, பலா, முருங்கை இலைகள் எல்லாம் சிறு அளவில் வைக்கோலுக்குத் துணை.

அசோலா பற்றிப் பலர் கேட்பார்கள். அது நல்லதுதான், புரதம் உண்டு. ஆனால் இரண்டு கிலோ அசோலாவை வழித்து எடுத்துப் போட்டால் அதில் உலர்பொருள் 100 கிராம் அளவுக்குத்தான். கோழிக்கு அது பெரிது, போத்துக்கு ஒரு வாய். தொட்டி ஏற்கனவே இருந்தால் போடுங்க. இந்த நான்கு மாதத்துக்காகப் புதிதாகத் தொட்டி கட்டும் காசுக்கு வைக்கோல் வாங்கலாம்.

யூரியா வைக்கோல்: செய்தால் சரியாகச் செய்யுங்க

வெறும் நெல் வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் வேலை செய்யவே ஏறக்குறைய 7 சதவீதம் வேண்டும். அதனால்தான் வைக்கோல் மட்டும் தின்னும் மாடு வயிறு பெருத்து, முதுகு வற்றிப் போகிறது. யூரியா ஊட்டம் செய்தால் அதே வைக்கோல் 7, 8 சதவீதத்துக்கு வரும், செரிப்பதும் எளிதாகும்.

100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா. அதை 50 முதல் 65 லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பிப் பூவாளியால் சீராகத் தெளித்து, மிதித்து அமுக்கி, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி 21 நாள் விடணும். திறக்கும்போது அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுத்து ஒன்றிரண்டு மணி நேரம் காற்றாடப் போட்டுவிட்டு மாட்டுக்கு வைங்க. முதல் வாரம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குங்க.

4 கிலோவுக்கு ஒரு பிடிகூட அதிகம் போடக் கூடாது. "கொஞ்சம் கூடப் போட்டா நல்லா இருக்கும்ல" என்ற நினைப்பு இங்கே மாட்டைக் கொன்றுவிடும். யூரியாத் தண்ணீரை மாடு குடிக்கும் இடத்தில் வைக்காதீங்க. குடிதண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இந்த வைக்கோலே வேண்டாம். முதல் தடவை செய்பவர்கள் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுவிட்டு, அல்லது திருப்பதிசாரத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்துவிட்டுச் செய்வது நல்லது.

தாது உப்புக் கலவை தினமும் 50 கிராம், சாதாரண உப்பு 30 கிராம். இதை விட்டுவிடாதீங்க. தண்ணீர், அதைவிட முக்கியம். காய்ந்த தீவனம் தின்னும் மாட்டுக்குத் தண்ணீர் போதாவிட்டால் வயிற்றில் கல்லாகக் கட்டிக்கொள்ளும். வளர்ந்த மாட்டுக்கு வெயில் நாளில் 50 லிட்டருக்கு மேல் வேண்டும். போத்துக்கு வியர்வை குறைவு, கறுப்புத் தோல், வெயில் தாங்காது. குளம் வற்றியிருந்தால் மதியம் இரண்டு வாளித் தண்ணீர் மேலே ஊற்றுங்க. வெயிலில் தவிக்கும் மாடு இருக்கும் தீவனத்தையும் தின்னாது.

கைபேசியில் செய்து வைக்க வேண்டியவை

1962 என்ற எண்ணை இப்போதே சேமித்துக்கொள்ளுங்க. கட்டணமில்லா எண். மருந்தகத்துக்கு மாட்டை ஓட்டிப் போக முடியாத இடங்களுக்கு வீட்டுக்கே வர, 2024-ல் மாநிலம் முழுவதும் 245 நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகள் தொடங்கப்பட்டன. அழைத்தால் ஊர், பக்கத்தில் இருக்கும் கோயில் அல்லது பள்ளி, சாலை எதுவரை வண்டி வரும் என்பதைச் சொல்லத் தயாராக இருங்க. மலையோரக் குக்கிராமங்களுக்கு இந்தக் கடைசித் தகவல் ரொம்ப உதவும்.

'உழவன்' செயலியில் வானிலை முன்னறிவிப்பும் அணைகளின் நீர்மட்டமும் பார்க்கலாம். கார்த்திகைக் கடைசியில் பேச்சிப்பாறை நீர்மட்டத்தைப் பார்த்தாலே கும்பப்பூ வைக்கோலை நம்பலாமா கூடாதா என்று ஒரு யோசனை கிடைத்துவிடும். என்னைக் கேட்டால், மாடு வளர்ப்பவருக்கு அந்தச் செயலியில் மிகவும் பயன்படும் பக்கம் அதுதான்.

மாட்டின் காதில் 12 இலக்க எண்ணுள்ள மஞ்சள் வில்லை இருக்கிறதா என்று பாருங்க. இல்லாவிட்டால் கால்நடை மருந்தகத்தில் போட்டுக்கொள்ளலாம். அந்த எண்ணைப் படம் எடுத்துக் கைபேசியில் வைங்க. தடுப்பூசி, காப்பீடு என்று எங்கே போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். காப்பீடு செய்த மாடு இறந்து, காதில் வில்லை இல்லை என்றால் இழப்பீடு கிடைப்பது கடினம். தேசிய கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில் வளர்ப்பவர் கட்ட வேண்டிய பங்கு பிரீமியத்தில் 15 சதவீதம் என்று 2024-ல் மத்திய அரசு குறைத்திருக்கிறது. உங்க மருந்தகத்துக்கு இந்த ஆண்டு எத்தனை மாட்டுக்கு ஒதுக்கீடு என்பதைக் கேட்டுக்கொள்ளுங்க, அது சீக்கிரம் தீர்ந்துவிடும்.

வைக்கோல் வாங்கக் காசு இல்லை என்பவர்கள் கந்துவட்டிக்குப் போகும் முன் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் போய்ப் பாருங்க. கால்நடை பராமரிப்புக்கான நடைமுறை மூலதனத்துக்கும் கிசான் கிரெடிட் கார்டு உண்டு. தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்கள் இதை வட்டியில்லாமல் தருகின்றன, தவணைக்குள் திருப்பிக் கட்டினால். வங்கியில் வாங்கினாலும், 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், மாடு இருப்பதற்கான ஆதாரம் கொண்டுபோங்க. நிலம் இல்லாதவரும் கேட்கலாம். பால்வெட்டு நிற்கும் மாதத்தில் போய் நிற்காமல் டிசம்பரிலேயே விண்ணப்பித்துவிடுங்க, கடன் கைக்கு வர நாளாகும்.

மானியத் திட்டங்கள் சிலவற்றுக்குச் சிறு, குறு விவசாயி சான்று கேட்பார்கள். அதை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். தீவனப்புல் கரணை, புல்வெட்டும் கருவி போன்றவற்றுக்கான திட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதனால் பழைய வாட்ஸ்அப் செய்தியை நம்பி அலையாமல் மருந்தகத்தில் நேரில் கேளுங்க. ஒரு சந்தேகம் என்றால் கிசான் அழைப்பு மையம், 1800 180 1551, தமிழிலேயே பதில் சொல்வார்கள். எங்கே கேட்டும் விவரம் கிடைக்கவில்லை என்றால் முதல்வரின் உதவி மையம் 1100 இருக்கிறது. புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்க.

அடுத்த ஆண்டுக்கு இப்போதே ஒரு வேலை உண்டு. மழை பிடித்ததும் ஐந்து சென்டோ பத்து சென்டோ கோ 5 கம்பு நேப்பியர் கரணை ஊன்றிவிடுங்க. முதல் அறுப்பு 75, 80 நாளில். அப்புறம் 45 நாளுக்கு ஒருமுறை. மழைக்காலத்தில் மாடு தின்று மிஞ்சும் புல்லை நறுக்கி, பிளாஸ்டிக் பீப்பாயில் காற்றில்லாமல் அமுக்கி மூடி வைத்தால் ஊறுகாய்ப்புல் ஆகிவிடும். மாசியில் திறக்கலாம். ஊன்றும் இடத்தைக் குளியலறைத் தண்ணீரும் பாத்திரம் கழுவும் தண்ணீரும் ஓடி வரும் பக்கமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்க, கிணறு இறங்கினாலும் அந்த நாலு வரிசைப் புல் நிற்கும்.